மொசார்ட் பெட்டியில ரெக்கார்டு போடப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. மொசார்ட் வாசிச்ச பியானோவுலயே வாசிச்சு ரெக்கார்டு போடப் போறியாமே? உங்க பாட்டி தெரு முழுக்கச் சொல்லியாச்சு. அவ சொல்ற வேகத்தைப் பாத்தா இன்னும் ரெண்டு நாள்ல மொசார்ட் நமக்குத் தூரத்து உறவுன்னு ஆயிரும். நல்ல காரியம், போயிட்டு வா. போறதுக்கு முன்னாடி இந்தக் கிழவன் சொல்றதையும் கொஞ்சம் காதுல போட்டுக்கோ. இதெல்லாம் இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. தூக்கம் வராதவனுக்கு ராத்திரி பெருசு. ரேடியோவுக்கும் அந்நேரத்துல என்னை விட்டா ஆள் கிடையாது.

முதல்ல எந்தப் பெட்டின்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ. வியன்னாவுல அன்டோன் வால்ட்டர்னு ஒரு ஆசாரி 1782 வாக்குல செஞ்சது. இப்ப சால்ஸ்பர்க்ல, மொசார்ட் குடும்பம் குடியிருந்த வீட்டுல இருக்கு. மொத்தம் 61 கட்டை, அஞ்சு ஸ்தாயி. நீ பழகின பியானோவுல 88 கட்டை. உன் கச்சேரி ஸ்டைன்வே கிட்டத்தட்ட 480 கிலோ கனம். இது நூறு கிலோ கூடத் தேறாது. உள்ள இரும்புச் சட்டம் கிடையாது, எல்லாம் மரம். சுத்தியல் தலையில ஃபெல்ட் கிடையாது, தோல் ஒட்டியிருக்கும். வெள்ளைக் கட்டை இருக்க வேண்டிய எடத்துல கறுப்பு, கறுப்பு இருக்க வேண்டிய எடத்துல வெள்ளை. நீ போன உடனே குனிஞ்சு பெடலைத் தேடுவே. இருக்காது. கட்டைக்கு அடியில நெம்புகோல் இருக்கும், அதை முழங்காலால மேல தூக்கணும். மொசார்ட் முன்னாடி மண்டி போடுற பக்தி உனக்கு இருக்கோ இல்லையோ, முழங்காலுக்கு வேலை உண்டு.

இன்னிக்கு அந்தப் பெட்டியைத் தொடணும்னா கை கழுவணும், கடுதாசி எழுதணும், கூட ஒரு ஆள் நின்னு கண் கொட்டாமப் பாத்துக்கிட்டு இருப்பார். மொசார்ட் காலத்துல அதை என்ன பாடு படுத்துனாங்கன்னு தெரியுமா? 1785-ல அவங்க அப்பா லியோபோல்ட் மகனைப் பாக்க வியன்னா போயிருந்தார். அந்த மார்ச் மாசம் மகளுக்கு எழுதின கடுதாசியில, நான் வந்ததிலேருந்து இந்தப் பியானோவைக் குறைஞ்சது பன்னெண்டு தடவை தியேட்டருக்கும் ஊர்ப் பெரிய மனுசங்க வீட்டுக்கும் தூக்கிட்டுப் போயாச்சுன்னு எழுதியிருக்கார். பிப்ரவரி 11-ல டி மைனர் கான்செர்ட்டோ, மார்ச் 10-ல சி மேஜர் கான்செர்ட்டோ, நடுவுல யார் யார் வீட்டு விருந்தோ. வியன்னாக் குளிர்ல, தெருவுல, கூலியாள் தோள்ல போய் வந்த சாமான் அது. இப்ப அதை அடுத்த ரூமுக்கு நகர்த்தணும்னா எத்தனை பேர் கையெழுத்துப் போடணுமோ! தப்புன்னு சொல்லலை. ஊர் சுத்தின பெட்டி அது, அதைப் பாத்து நீ ரொம்ப நடுங்காதேன்னுதான் சொல்றேன்.

இன்னொண்ணு சொன்னா உனக்குக் கோவம் வரும், இருந்தாலும் சொல்லிர்றேன். மொசார்ட் 1791-ல கண்ணை மூடினார். அவர் சம்சாரம் கான்ஸ்டன்ஸ் அந்தப் பெட்டியை வச்சிருந்து, 1810 வாக்குல வால்ட்டர்கிட்டயே கொடுத்துப் புதுப்பிச்சு, மிலான்ல இருந்த மகன் கார்ல் தாமஸுக்கு அனுப்பி வச்சாங்க. அவர் 1856-ல, அப்பா பொறந்து நூறு வருசம் ஆனப்ப, சால்ஸ்பர்க்குக்குக் கொடுத்தார். நடுவுல கட்டைக்குப் பின்னாடி இருக்குற பொறியையே மாத்திட்டாங்க, முழங்கால் நெம்புகோல்கூட மொசார்ட் போனப்புறம் வச்சதா இருக்கலாம்னு 1997-ல மைக்கேல் லாட்சம்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் எழுதினார். எல்லாரும் ஒத்துக்கலை, இன்னும் சண்டை ஓயலை. ஆக, மொசார்ட் முழங்கால் பட்ட எடத்துலதான் என் முழங்காலும் படுதுன்னு நீ பேட்டியில உருகுறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கோ.

என்ன வாசிக்கப் போறே? பியானோ சொனாட்டா எல்லாமேவா? அப்ப ஒரு கணக்குப் போடு. சொனாட்டா 18. அதுல முதல் ஆறும் 1774, 75-ல எழுதினது. அடுத்த மூணு 1777, 78-ல மான்ஹைம், பாரிஸ்னு அலைஞ்சப்ப எழுதினது. ஒன்பது ஆச்சா? அந்த ஒன்பதையும் எழுதி முடிக்கறப்ப இந்தப் பெட்டி பொறக்கவே இல்லை. பாதிச் சரக்கு வேற பியானோவுக்கு வச்ச சரக்கு. 'மொசார்ட் எந்தப் பியானோவுல எழுதினாரோ அதே பியானோவுல' அப்படின்னு அட்டையில அடிக்கப் போற கம்பெனிக்காரங்ககிட்ட இதைச் சொல்லிப் பாரு. காது கேக்காதவங்களா ஆயிருவாங்க.

காதுன்ன உடனே பீத்தோவன் ஞாபகம் வந்துருச்சு. உன் சிநேகிதன் ஒருத்தன் பீத்தோவனோட பிராட்வுட் பியானோவுல 'ஹாமர்கிளாவியர்' சொனாட்டாவை வாசிச்சே தீருவேன்னு நிக்கிறானாமே, அவன்கிட்டயும் சொல்லி வை. லண்டன்ல தாமஸ் பிராட்வுட் அந்தப் பியானோவைப் பரிசா அனுப்பினார். கப்பல்ல ட்ரியெஸ்டே வரைக்கும் வந்து, அங்கேருந்து மலையெல்லாம் ஏறி இறங்கி வண்டியில வியன்னாவுக்கு 1818-ல வந்து சேந்துச்சு. ஆறு ஸ்தாயி, கீழ சி-யில ஆரம்பிச்சு மேல சி-யோட சரி. ஆனா ஹாமர்கிளாவியரோட முதல் பகுதியிலயே கை மேல எஃப் வரைக்கும் ஏறணும். அந்த எடத்துல பிராட்வுட்ல கட்டையே இல்லை, மரச்சுவர்தான் இருக்கு. ஆடத் தெரியாதவளுக்கு முத்தம் கோணல்னு சொல்லுவாங்க. இங்க நெஜமாவே முத்தம் சின்னது, ஆடத் தெரிஞ்சவன் போனாலும் மூக்குல இடிச்சுக்க வேண்டியதுதான்.

சரி, அவர் கேட்ட சத்தத்தையாவது நாம கேப்போம்னு அந்தப் பையன் சொல்லுவான். அவர் என்னத்தைக் கேட்டார்? பியானோ வந்த அதே 1818-லதான், பாக்க வர்றவங்க சொல்றதை நோட்டுல எழுதிக் காட்டுற நிலைமைக்கு வந்துட்டார். 1824-ல லண்டன்லேருந்து போன ஸ்டம்ப்ஃப்னு ஒரு ஹார்ப் ஆசாரி, அந்தப் பியானோவுக்குள்ள அறுந்த கம்பியெல்லாம் சிக்கிக் கெடந்ததைப் பாத்து எழுதி வச்சிருக்கார். மனுசன் காதுல விழணுமேன்னு அந்த அடி அடிச்சிருக்கார். அந்தச் சத்தம்தான் வேணும்னா முதல்ல கம்பியை அறுக்கணும், அப்புறம் காதை அடைச்சுக்கணும்.

அதுக்காக அந்தப் பெட்டியில யாரும் வாசிக்கலைன்னு நெனைச்சுறாதே. அது கை மாறிக் கை மாறி பியானோக்காரர் லிஸ்ட்கிட்டப் போய், அவர் கொடுத்து இப்ப புடாபெஸ்ட்ல தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. 1991 வாக்குல டேவிட் வின்ஸ்டன் அதைப் பழுது பாத்தார். சிங்கப்பூர்ல பொறந்த மெல்வின் டான் அதுல வாசிச்சு ரெக்கார்டும் போட்டார். அவர் ஹாமர்கிளாவியர்கிட்டப் போய் முட்டிக்கலை. விவரமான ஆளு.

ஷோப்பன் கதை சின்னது, ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது. இங்கிலாந்துல சர்ரேப் பக்கம் ஹாட்ச்லாண்ட்ஸ்னு ஒரு பெரிய மாளிகை. அங்க பழைய பியானோ சேத்து வைக்கிற அலெக் காப், 1988-ல ஒரு ப்ளேயெல் பியானோவை 2,000 பவுண்டுக்கு வாங்கிப் போட்டார். வர்றவங்க போறவங்கல்லாம் வாசிச்சாங்க, பழைய பியானோ, பரவாயில்லைன்னுட்டுப் போனாங்க. 2007-ல ழான்-ழாக் ஐகெல்டிங்கர்னு ஒரு பேராசிரியர் ப்ளேயெல் கம்பெனியோட பழைய பேரேட்டைப் புரட்டி, 13819-ங்கிற நம்பரை வச்சு, இது 1848-ல ஷோப்பன் லண்டனுக்கு எடுத்துட்டு வந்ததுன்னு கண்டுபிடிச்சார். அவ்வளவுதான், பத்திரிகைக்காரன் எல்லாம் ஓடி வந்துட்டான். பேரேட்டைப் புரட்டினதுக்கு முந்தின நாளும் மறுநாளும் அந்தப் பியானோ ஒரே சத்தம்தான் போட்டுச்சு. கேக்க வந்தவங்க முகம்தான் மாறுச்சு. நீ ரெக்கார்டு போடப் போறது பியானோ சத்தத்தையா, கேக்குறவங்க முகத்தையா? இதுக்கு இப்பவே பதில் சொல்ல வேணாம். ஃப்ளைட்ல யோசி.

என்னடா, முகம் தொங்கிப் போச்சு? போகாதேன்னு எங்க சொன்னேன்? போறவன் எதுக்குப் போகணும்னு இனிமேதானே சொல்லப் போறேன்.

அந்த வால்ட்டர் பியானோவுல ஒரு கட்டையை அமுக்கிட்டுச் சும்மா இரு. சத்தம் பொறக்கறப்பவே தெளிவா, முனை தெரிய வரும், வந்த வேகத்துல தேய ஆரம்பிச்சுரும். உன் ஸ்டைன்வேயில மெட்டு தானா நீளும். இங்க நீட்ட முடியாது, பேசித்தான் ஆகணும், ஒவ்வொரு சொல்லா. எடது கையில சின்னச் சின்னச் சுரம் ஓடும் பாரு, பெரிய பியானோவுல அது வலது கை மேல ஏறி உக்காந்துரும், அதை அடக்கி அடக்கி உனக்குப் பாதி உசுரு போகும். இங்க அது தன் எடத்துல நிக்கும். அடி ஸ்தாயியில கனமான சேர்க்கை போட்டாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக் கேக்கும். சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு துணிப்பட்டையை நகர்த்துற வசதி உண்டு, மாடரேட்டர்னு பேரு. அதைப் போட்டா சத்தம் குறையறதோட, பக்கத்து ரூமுக்கே போயிரும். உன் வாத்தியார் பத்து வருசமா "இங்க மெல்ல, இங்க தெளிவா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரே, அதுல பாதியை இந்தப் பெட்டி ஒரு மத்தியானத்துல சொல்லிக் கொடுத்துரும், சம்பளமும் கேக்காது.

ஆனா அது சொல்றதைக் கேக்கணும். கிழட்டு மாட்டை வண்டியில பூட்டினவன் சாட்டையைக் கீழ வச்சுட்டு உக்காரணும். போற வழியும் அதுக்குத் தெரியும், எந்த எடத்துல மூச்சு வாங்கணும்னும் அதுக்குத் தெரியும். நீ கச்சேரி மண்டபத்துல கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு தோளைப் போட்டு அடிப்பியே, அதை இங்க காட்டினே, சத்தம் பெருகாது, பிளந்துரும். கம்பியும் போகும். அப்புறம் பக்கத்துல நிக்கிற ஆள் உன்னைப் பாக்குற பார்வைக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

ராபர்ட் லெவின் என்ன செஞ்சார்னு பாரு. அமெரிக்காக்காரர், ஹார்வர்ட்ல வாத்தியாரா இருந்தவர். இதே வால்ட்டர்ல மொசார்ட் சொனாட்டா எல்லாத்தையும் வாசிச்சார், ஈசிஎம் கம்பெனி 2022-ல ஏழு சிடியா வெளியிட்டுச்சு. பாதியில நின்னு போன துண்டுகளைத் தானே எழுதி முடிச்சு அதையும் சேத்துப் போட்டார். திரும்ப வாசிக்கணும்னு குறி போட்ட எடத்துல, ரெண்டாவது தடவை முதல் தடவை வாசிச்சபடியே வாசிக்காம, அந்தக் காலத்து வழக்கப்படி கற்பனையில புதுசா அலங்காரம் பண்ணினார். மொசார்ட்டே அப்படித்தானே பண்ணியிருப்பார்? அவர் பியானோவுல போய் உக்காந்துட்டு, ஒரு சுரத்தைக் கூட்டக் கூடக் கை நடுங்குற பையன்களை என்னன்னு சொல்றது. கும்பிட வந்தவனுக்குக் கோயில் இருக்கு, எதுக்கு மைக்கும் ஒயரும்?

நார்வேயில பாட்டு எழுதின க்ரீக் வீட்டுக் கதையும் கேளு. பெர்கன் பக்கத்துல ட்ரோல்ட்ஹௌகன்னு வீடு. வீட்டுக் கூடத்துல 1892-ஆம் வருசத்து ஸ்டைன்வே, அவரோட இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு வந்த பரிசு. மனுசன் பாட்டு எழுதினது பெரும்பாலும் அதுல இல்லை. கீழ தண்ணி ஓரமா ஒரு குடிசை, அதுக்குள்ள ஒரு சின்ன நிமிந்த பியானோ, அங்க போய்த் தனியா உக்காந்துதான் எழுதுவார். ஆள் உயரம் 152 சென்டிமீட்டர். நாற்காலி உயரம் பத்தாததால பீத்தோவன் சொனாட்டாப் புஸ்தகத்தை அடியில போட்டு உக்காருவாராம். திருடன் வந்தா நோட்டை மட்டும் விட்டுட்டுப் போயிருப்பா, அதுனால என்னைத் தவிர யாருக்கும் பிரயோஜனம் இல்லைன்னு மேசையில எழுதி வேற வச்சிருந்தார். அவர் பாட்டு அவர் காலத்துலயே ஐரோப்பா பூரா வித்துச்சு. எவ்வளவு பொய் பாத்தியா!

அந்த ஸ்டைன்வேயில, அந்தக் கூடத்துலயே, லைஃப் ஓவே ஆண்ட்ஸ்னெஸ் க்ரீக்கோட லிரிக் பீசஸ்ல தேர்ந்தெடுத்து வாசிச்ச சிடி 2002-ல வந்துச்சு. அது வீட்டுப் பாட்டு, வீட்டுக்குள்ளயே வாசிச்சார், பொருத்தமா இருக்கு. அதே க்ரீக்கோட பியானோ கான்செர்ட்டோவுக்கு அந்தக் கூடம் எடம் கொடுக்குமா? ஆர்க்கெஸ்ட்ராவை எங்க உக்கார வைக்கிறது, சமையக்கட்டுலயா?

இன்னும் ரெண்டு பேர், சிகுர்ட் ஸ்லாட்டெப்ரெக்கும் டோனி ஹாரிசனும், அதை விட ஒரு படி மேல போனாங்க. க்ரீக் 1903-ல பாரிஸ்ல தானே ஒன்பது பக்கம் ரெக்கார்டு கொடுத்திருக்கார், கரகரன்னு இரைச்சலோட இன்னிக்கும் கேக்கலாம். அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, அவர் எங்க தள்ளுறார், எங்க இழுக்கிறார், ரெண்டு கையும் எங்க ஒண்ணா விழாம முன்னப் பின்ன விழுதுன்னு அலசி, அவரோட பியானோவுலயே அப்படியே வாசிச்சுப் பாத்தாங்க. 2010-ல வெளியிட்டாங்க. பியானோ யாரோடதுங்கறதை விட, அவர் கை எப்படிப் போச்சுங்கறதுதான் அவங்களுக்குப் பெருசாப் பட்டிருக்கு. என்கிட்டக் கேட்டா இந்த ரகத்துல உருப்படியான வேலை இது.

இப்ப மைக் விசயத்துக்கு வா. மைக் பொல்லாதது, அதுக்கு முகதாட்சண்யம் கிடையாது. சத்தம் சின்னதா இருக்கேன்னு மைக்கைக் கிட்டக் கொண்டு போவாங்க. போன உடனே முழங்கால் நெம்புகோல் 'டக்'குன்னு இறங்குறது, கட்டை பலகையில முட்டுறது, தோல் சுத்தியல் திரும்பி விழுறது, உன் மூச்சு எல்லாம் வந்துரும். தூரத்துல வச்சா அறையோட எதிரொலி வரும், பியானோ போயிரும். எடிட்டிங்ல உக்காந்து எல்லா 'டக்'கையும் துடைச்சு எடுத்துருவோம்னு கம்ப்யூட்டர்க்காரப் பையன் ஒருத்தன் துடிப்பான். துடைக்க விடாதே. அம்புட்டையும் துடைச்சுட்டா கடைசியில எலக்ட்ரானிக் கீபோர்டுல "பழைய பியானோ"ன்னு ஒரு பட்டன் இருக்குமே, அந்தச் சத்தம்தான் மிஞ்சும். அதுக்கு நீ இங்கேயே இருந்திருக்கலாம், டிக்கெட் காசாவது மிச்சம். அதுக்காக 'டக்' முன்னாடியும் மொசார்ட் பின்னாடியும் நிக்கவும் கூடாது. அந்த எடத்தைக் கண்டுபிடிக்க முதல் நாள் பூராவும் போகும். போகட்டும்.

சுருதி இன்னொரு தலைவலி. இன்னிக்கு உலகம் பூரா ஏ சுரத்தை 440-ல வைக்கிறாங்க. அந்தக் காலத்து வியன்னாப் பியானோவை 430 வாக்குல வச்சு வாசிக்கிறது வழக்கம். உனக்குத்தான் எந்தச் சுரம் கேட்டாலும் பேர் சொல்லுற காதாச்சே, முதல் நாள் பூரா நீ அமுக்கறது ஒண்ணு, கேக்குறது ஒண்ணா இருக்கும். தலை சுத்தும், பழகிரும். மரச் சட்டம் வேற, அறையில நாலு பேர் வந்து மூச்சு விட்டாலே காத்து மாறும், கம்பி நழுவும். நீ நல்லா வாசிச்ச டேக் ஒண்ணும், சுருதி நின்ன டேக் ஒண்ணுமா இருக்கும். அப்ப எதை எடுக்கணும்னு என்னைக் கேட்டா, சுருதி நின்னதை எடு. கேக்குறவனுக்கு உன் உள்ளுணர்ச்சி தெரியாது, கம்பி இறங்கினது உடனே தெரியும்.

கடைசியா ஒரு ரகசியம், பாட்டிகிட்டச் சொல்லிறாதே. மொசார்ட் அந்தப் பெட்டியில வாசிச்சப்ப அது புதுசு. மரத்துல வாசனை கூடப் போயிருக்காது. நீ வாசிக்கப் போறப்ப அதுக்கு இருநூத்து நாப்பது வயசு. அவர் கேட்ட புதுப் பியானோச் சத்தம் வேணும்னா, இன்னிக்கு அதே அளவுல, அதே தோல் சுத்தியல் வச்சுப் புதுசாச் செஞ்சு கொடுக்கறவங்க இருக்காங்க. செக் நாட்டுல பால் மெக்நல்டின்னு ஒருத்தர் வால்ட்டர் பியானோவைப் பாத்துப் பாத்துப் பிரதி செய்யறார். 2018-ல வார்சாவுல பழங்காலப் பியானோவுலயே ஷோப்பன் போட்டி நடத்தினாங்களே, அதுக்கு ஷோப்பன் இளவயசுல வச்சிருந்த புக்ஹோல்ட்ஸ் பியானோவோட பிரதியைச் செஞ்சு கொடுத்ததும் அவர்தான். அசலை 1863-லயே ரஷ்யச் சிப்பாய்ங்க ஜன்னல் வழியாத் தெருவுல வீசிட்டாங்க. பிரதியில ஒரு மாசம் உக்காந்து கை பழகிக்கோ, முழங்காலையும் பழக்கிக்கோ. அப்புறம் அசல்கிட்டப் போ. அசல்ல போய்ப் பழகலாம்னு நெனைச்சியோ, மியூசியத்துல மணி பாத்துக் கதவைச் சாத்திருவாங்க, நீ முழங்காலைத் தூக்கிக்கிட்டே நிப்பே.

அவ்வளவுதான், எந்திரி. வாசிச்சு முடிச்சு சிடி வர்றப்ப அட்டையில மொசார்ட் பேரு பெருசா வரும், உன் பேரு அடுத்து வரும். அந்த நாளெல்லாம் விடியக்காலையில வந்து, ஒவ்வொரு டேக்குக்கும் நடுவுல குனிஞ்சு குனிஞ்சு கம்பியை இழுத்துப் பிடிச்சாரே ஒரு மனுசன், அந்தச் சுருதிக்காரர் பேரு உள்பக்கத்துல, பூதக்கண்ணாடி வச்சாலும் தெரியாத பொடி எழுத்துல வரும். அதை உன் பேருக்கு நேர் கீழ, அதே அளவு எழுத்துல போடச் சொல்லு. கம்பெனிக்காரங்க ஒத்துக்கலைன்னா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாதே.